நின்றுகொண்டே போனவர்கள்

கோயமுத்தூரில் அவினாசி ரோடு வழியாக டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருக்கலாம். பீளமேடு தாண்டியதும் கண்டக்டர், "ஹோப் காலேஜ்! ஹோப் காலேஜெல்லாம் முன்னால வாங்க!" என்று குரல் கொடுப்பார். பத்துப் பேர் இறங்குவார்கள்; இருபது பேர் ஏறுவார்கள். ஆனால் அந்த இடத்தில் அந்தப் பெயரில் ஒரு காலேஜும் கிடையாது. சென்ற வருஷம் ஒரு நாள், வெளியூர்ப் பையன் ஒருவன் கையில் ஏதோ விண்ணப்பத் தாளுடன் அங்கே இறங்கினான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "காலேஜ் எங்கே சார்?" என்று கண்டக்டரிடம் கேட்டான்.

"காலேஜ் இல்லீங் தம்பி, அது ஸ்டாப்பு" என்றார் கண்டக்டர். விசில் ஊதினார். பஸ் கிளம்பிவிட்டது.

பையன் திகைத்து நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன். இறங்கி அவனுக்கு விவரம் சொல்லியிருக்கலாம். ஆனால் உட்கார இடம் கிடைத்திருந்தது. காலை ஒன்பது மணிக்குக் கோவை டவுன் பஸ்ஸில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு இறங்குவதற்கு மகாத்மாவாகப் பிறந்திருக்க வேண்டும்.

அங்கே ஒரு காலேஜ் இருந்தது வாஸ்தவம். 1945ஆம் ஆண்டில், அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப் துரையின் பெயரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி ஏற்பட்டது. பிற்பாடு அது தடாகம் ரோட்டுக்கு இடம் மாறி, பெயரும் மாறி, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்கி வருகிறது. துரை சீமைக்குப் போய்விட்டார். காலேஜ் ஊரின் மறு பக்கத்துக்குப் போய்விட்டது. பஸ் ஸ்டாப் மட்டும் போகவில்லை. அந்தக் காலேஜுக்குச் சொத்தைத் தானமாகக் கொடுத்து, அதை முன்னின்று ஏற்படுத்தியவர் ஒரு பஸ் முதலாளி என்பதை நினைக்கும்போது, அதன் பெயர் பஸ் கண்டக்டர்களின் வாயில் சிரஞ்சீவியாக இருப்பது பொருத்தமாகத்தான் படுகிறது.

அந்த பஸ் முதலாளிதான் ஜி. டி. நாயுடு. கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் 1893ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் வைத்திருந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மோகம் கொண்டு, அதை வாங்குவதற்காகவே கோவைக்கு வந்து ஓட்டலில் பரிமாறி, காசு சேர்த்து, அதே வண்டியை விலைக்கு வாங்கியவர். வாங்கியதும் ஊர் சுற்றினாரா என்றால் இல்லை. அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார். பிறகு ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு 1920ல் ஒரே ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் சில வருஷங்களுக்குள் யு.எம்.எஸ். என்ற மூன்றெழுத்தோடு ஒரு பெரிய படையாகப் பெருகியது. பிறகு அவர் செய்த இயந்திரங்களையும் நடத்திய சோதனைகளையும் எழுதப் புகுந்தால் இந்தக் கட்டுரை போதாது. என் ஞானமும் போதாது.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். நாயுடு பஸ் ஓட்டினார் என்பதைவிட, நேரத்துக்கு பஸ் ஓட்டினார் என்பதுதான் பெரிய காரியம். அதற்கு முன் கொங்கு நாட்டில் யாருக்கு நேரம் தெரியும்? பொழுது கிளம்ப, உச்சிப் பொழுது, பொழுதோட, சாமக்கோழி கூப்பிட என்று நாலைந்து நேரம்தான் உண்டு. ரயில் 1862லேயே போத்தனூருக்கு வந்துவிட்டது. போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கும் 1915ல் வந்தது. ஆனாலும் ரயில் தண்டவாளத்தின்மேல் போகிற சங்கதி. தண்டவாளம் இல்லாத ஊர்களுக்கு அதன் நேரம் எதற்கு? பஸ் அப்படியில்லை. தோட்டத்து வேலி ஓரமாகவே வந்தது. என் சிறு வயதில் கிராமத்தில் கடிகாரம் இருந்த வீடுகள் பல உண்டு. இருந்தும் அம்மாயி அடுப்படியிலிருந்து, "ஏழரை பஸ் போயிருச்சா கண்ணு?" என்றுதான் கேட்பாள். போய்விட்டது என்றால் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவாள். பஸ் எட்டு மணிக்குப் போனாலும் அது ஏழரை பஸ்தான்.

இந்த அம்மாயிதான் கரி பஸ்ஸைப் பற்றியும் சொன்னவள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்துவிட்டது. பஸ்ஸின் பின்புறத்தில் ஒரு பெரிய இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு மூட்டி, அதிலிருந்து கிளம்பும் வாயுவைக் கொண்டு எஞ்சினை ஓட்டினார்கள். புறப்படுவதற்கு வெகு நேரம் முன்னதாகவே கிளீனர் ஒரு சக்கரத்தைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் கனல் மூட்ட வேண்டும். மேட்டில் பஸ் ஏறாது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். "காசுங் குடுத்து, தள்ளவும் தள்ளி, மூஞ்சியெல்லாங் கரியோட ஒரம்பரை வூட்டுக்குப் போவாங்க" என்று அம்மாயி சிரிப்பாள். கல்யாண மாப்பிள்ளையே ஒருவன் அப்படிக் கரி மூஞ்சியோடு வந்து இறங்கினான் என்பாள். அதை நான் முழுக்க நம்பவில்லை. மாப்பிள்ளையை யார் தள்ள விடுவார்கள்?

அம்மாயியின் சிரிப்பு இருக்கட்டும். நான் சொல்ல வந்தது அப்புச்சி சொன்ன கதை.

யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். அப்புச்சி உடுமலைப்பேட்டையில் பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போகிறார். மாட்டுச் சந்தை நாள். பஸ்ஸில் கூட்டம். ஒரே ஒரு சீட்டில், இரண்டு பேர் உட்காருகிற பலகையில், ஓர் இடம் காலியாக இருக்கிறது. மற்றோர் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் பண்ணையத்திலேயே வேலை செய்த ஆள். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். தம் மகளைப் பார்க்கப் பொள்ளாச்சிக்குப் புறப்பட்டிருந்தார். அப்புச்சிக்கு முன்பே ஏறி, காசு கொடுத்து, டிக்கெட் வாங்கி, உட்கார்ந்திருந்தார். டிக்கெட் இரண்டு பேருக்கும் ஒரே விலை.

அப்புச்சி உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம் எஜமானர் நிற்பதைப் பார்த்ததும் அந்த மனிதர் பதறி எழுந்து, அவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நீங்க உக்காருங்க சாமி" என்றார். அப்புச்சி எப்படி உட்காருவார்? அந்த ஆள் சற்று முன்வரை உட்கார்ந்திருந்த பலகை அல்லவா அது! கண்டக்டர் வந்தார். "ஏனுங்க, ரெண்டு பேருமே காசு குடுத்துப்போட்டு நிக்கறீங்க? சீட்டு சும்மாத்தானுங்க கெடக்குது?" என்று கேட்டார். "நின்னாத்தான் காத்து வருது" என்றாராம் அப்புச்சி. "எனக்குமுங்க" என்றாராம் அந்த மனிதர்.

கடைசியில் கோமங்கலம் பக்கத்தில் ஏறிய ஒரு கிழவி, தன் கத்தரிக்காய்க் கூடையைத் தூக்கி அந்தப் பலகையின்மேல் வைத்தாள். பொள்ளாச்சி போய்ச் சேரும் வரையில் கத்தரிக்காய் உட்கார்ந்துகொண்டு போயிற்று. மனிதர்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டு போனார்கள்.

இதை அப்புச்சி ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்வார். நானும் ஒன்பது பத்து வயதில் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். "கத்திரிக்காக் கதை சொல்லுங்க அப்புச்சி" என்று கேட்டு வாங்கிச் சிரித்திருக்கிறேன். எத்தனையோ தடவை சொன்னவர், அந்த மனிதரின் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "நம்ம பண்ணையத்து ஆளு" என்பதோடு சரி. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. தோன்றிய வயதில் அப்புச்சி இல்லை. கிழவியின் கூடையில் என்ன காய் இருந்தது என்பது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்குத் தெரியும். அந்த மனிதரின் பெயர் யாருக்கும் தெரியாது.

பஸ் என்ற சொல் 'ஆம்னிபஸ்' என்பதன் வால். லத்தீன் பாஷையில் அதற்கு 'எல்லோருக்கும்' என்று அர்த்தம். ஆனால் அந்த 'எல்லோரும்' யார் யார் என்பதில்தான் எந்தத் தேசத்திலும் வழக்கு. பாரிஸ் நகரத்தில் 1662லேயே கணித மேதை பாஸ்கல், குறிப்பிட்ட வழியில், குறிப்பிட்ட கட்டணத்தில், குதிரை வண்டிகளை ஓடவைத்தார். டவுன் பஸ்ஸுக்கு அவரைத்தான் மூல புருஷர் என்று சொல்ல வேண்டும். ஆனால் சிப்பாய்களும் வேலைக்காரர்களும் கூலிக்காரர்களும் அதில் ஏறக்கூடாது என்று அந்நகரத்து உயர் நீதிமன்றம் விதித்துவிட்டது. வண்டி வெகு காலம் ஓடவில்லை. அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரத்தில், வெள்ளைக்காரருக்கு எழுந்து இடம் விடமாட்டேன் என்று 1955 டிசம்பர் முதல் தேதி ரோஸா பார்க்ஸ் அம்மையார் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதையொட்டி அந்த ஊர் நீக்ரோ மக்கள், அன்றைய வழக்கப்படி அவர்களை அப்படித்தான் எழுதினார்கள், 381 நாட்கள் பஸ் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போனார்கள்.

நம் பக்கத்திலும் அந்த வழக்கு நடந்தது. இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்களைச் சில பஸ்காரர்கள் ஏற்ற மறுத்தபோது, ஜில்லா போர்டின் தலைவராக இருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்திரபாண்டியன், அப்படி மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். சட்டசபையில் எம். சி. ராஜா கொண்டுவந்த மசோதா 1938ல் சட்டமாகி, பொது வண்டிகளில் தீண்டாமை பாராட்டுவதைச் சென்னை மாகாணம் முழுவதும் குற்றமாக்கியது. ஆகவே, அப்புச்சி உடுமலைப்பேட்டையில் பஸ் ஏறிய அன்று, அந்தப் பண்ணையத்து மனிதர் உட்கார்ந்தது முழுக்க முழுக்கச் சட்டப்படி. எழுந்து நின்றதுதான் சட்டத்தில் இல்லாத காரியம். சட்டம் அவருக்குச் சீட் வாங்கிக் கொடுத்தது. அதில் உட்கார்ந்திருக்கும் தைரியத்தை அது வாங்கிக் கொடுக்க முடியவில்லை. சட்டத்தைக் குறை சொல்லிப் பயன் இல்லை. மறுநாள் காலையில் அவர் எங்கள் தோட்டத்துக்குத்தானே வேலைக்கு வர வேண்டும்?

இதையெல்லாம் நினைத்தால், வேற்றூர்க் கூட்டம் ஏறும் டவுன் பஸ் செய்த உபகாரம் விளங்கும். கிராமத்து பஸ்ஸில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கோயமுத்தூர் டவுன் பஸ்ஸில் யாருக்கும் யாரையும் தெரியாது. பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்த 1930களில் இங்கே மில்கள் மளமளவென்று பெருகின. சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் வந்து குவிந்தார்கள். ஷிப்ட் முடிந்து மில் சங்கு ஊதும்போது பஸ்ஸுக்கு முண்டியடிக்கிற கூட்டத்தில் யார் தோள் யார்மேல் படுகிறது என்று பார்க்க அவகாசம் ஏது? எல்லோர் தலையிலும் ஒரே பஞ்சுத் தூசு. இடம் கிடைத்தால் உட்காரு, கிடைக்காவிட்டால் தொங்கு. நல்லெண்ணத்தினால் நடக்காத காரியத்தை நெரிசல் நடத்திவிட்டது. இதைப் புரட்சி என்று எழுதினால் மிகையாகிவிடும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவரவர் தெருவுக்கு அவரவர் போனார்கள்.

நாயுடுவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பெரிய பெயர் ஏ.பி.டி. பொள்ளாச்சி நாச்சிமுத்துக் கவுண்டர் 1931ல் ஆரம்பித்த ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட். அந்த பஸ்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு, 1972 மார்ச் முதல் தேதியிலிருந்து சேரன் போக்குவரத்துக் கழகம் என்று ஓட்டியது. சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், தஞ்சைப் பக்கத்துக்குச் சோழன், எங்களுக்குச் சேரன். மூவேந்தர்களும் பல்லவ மன்னரும் ஒருவரோடொருவர் சண்டை போடாமல் தமிழ்நாட்டை ஆண்டது சரித்திரத்திலேயே அந்த இருபத்தைந்து வருஷம்தான். நான் பிறந்து வளர்ந்தது சேரன் காலத்தில். சரித்திர வகுப்பில் சேரன் செங்குட்டுவன் என்று வாத்தியார் ஆரம்பித்தபோது, எங்கள் ஊருக்கு ஏழரைக்கு வருகிற வண்டிதான் என் மனத்தில் வந்து நின்றது.

சேர சாம்ராஜ்யம் 1997ல் ஒரே மூச்சில் மறைந்தது. விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஏற்படுத்திய ஒரு புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் படையில் நின்று போரிட்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டினார்கள். அவர் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஒரு சாரார் கிளம்பினார்கள். தென் ஜில்லாக்களில் கலவரம் மூண்டது. உயிர்ச் சேதமும் ஏற்பட்டது. முடிவில், எந்த பஸ்ஸுக்கும் யார் பெயரும் வேண்டாம் என்று சர்க்கார் தீர்மானித்தது. பல்லவன், பாண்டியன், சோழன், சேரன் எல்லோரையும் ஒரே நாளில் இறக்கிவிட்டார்கள். அரசு போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் எல்லா வண்டிகளுக்கும் பொதுவாயிற்று.

நான் அப்போது காலேஜ் மாணவன். உக்கடத்தில் நின்ற ஒரு வண்டியின் பக்கவாட்டில் புதுப் பெயிண்டுக்கு அடியில் பழைய 'சே' என்ற எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் கத்தரிக்காய்க் கதை எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. அப்புச்சி மட்டுமா எழுந்து நின்றவர்? ஒரு பெயர் பக்கத்தில் உட்கார வந்தது என்பதற்காக நாடே அல்லவா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டது! அன்றைக்குத்தான் அந்தக் கதைக்குச் சிரிப்பதை நிறுத்தினேன்.

பெயர் போன பிறகும் பஸ்கள் ஓடுகின்றன. கோவையில் தனியார் டவுன் பஸ்களும் கூடவே ஓடுகின்றன. பாட்டுச் சத்தத்தைக் கொண்டே கண்ணை மூடிக்கொண்டு அவற்றை அடையாளம் சொல்லிவிடலாம். 2021 மே மாதத்திலிருந்து சர்க்காரின் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 'ஓசிப் பிரயாணம்' என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். என் அம்மாயியைப் போன்றவர்கள் ஒரு பஸ் டிக்கெட்டுக்கு ஆண்பிள்ளைகளின் மடியைப் பார்த்து நின்ற காலத்தை அவர்கள் அறியமாட்டார்கள். பிறந்த வீட்டுக்குப் போய்வர அவள் முட்டை விற்ற காசைச் சீலை முந்தியில் முடிந்து வைத்திருப்பாள். மருதமலை போகும் எழுபதாம் நம்பர் பஸ்ஸில் காசில்லாத டிக்கெட்டை வாங்கிப் பத்திரமாகச் சுருக்குப் பையில் வைத்துக்கொள்கிற கிழவிகளைப் பார்க்கிறேன். எதற்கு அவ்வளவு பத்திரம் என்று ஒருத்தியைக் கேட்டேன். "செக்கிங் வந்தா காட்டோணுமில்லீங்க, நாம என்ன சும்மாவா வாறோம்?" என்றாள்.

போன மாதம் உக்கடத்திலிருந்து பொள்ளாச்சிக்குப் போனேன். நாற்பது கிலோமீட்டர் தூரம். இரண்டு பேர் சீட்டில் ஜன்னல் ஓரம் எனக்கு. பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, துண்டு, வெற்றிலைச் சிவப்பு. மலுமிச்சம்பட்டி வரை பேசவில்லை. அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தம்பிக்கு எந்த ஊருங்க?" என்றார்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு வாலும் உண்டு. ஊரைச் சொன்னால், அந்த ஊரில் எந்தத் தெரு, யார் தோட்டத்துக்குப் பக்கம், யார் வீட்டுப் பிள்ளை என்று நாலாவது கேள்விக்குள் பதில் அவருக்குக் கிடைத்துவிடும். கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார் என்றும் சொல்ல முடியாது. அப்புச்சியும் இப்படித்தான் எல்லோரையும் கேட்பார்.

"கோயமுத்தூருங்க" என்றேன்.

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னாலயும் கோயமுத்தூர்தானுங்க."

பெரியவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மடியிலிருந்த பையைக் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, எனக்குத் தாராளமாக இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, தூங்க ஆரம்பித்தார். கிணத்துக்கடவு வருவதற்குள் அவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது.